வாய்க்கால் வீதியால் போகிறவர்கள்

பிரதேச சபைகள் வர்த்தமானியில் வெளியிடும் அறிவித்தல்களைப் பொழுதுபோக்காக வாசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆளுக்கொரு கிறுக்கு. அவற்றில் வாகனங்களுக்கும் விலங்குகளுக்குமான வரி என்று ஒரு அட்டவணை வரும். சைக்கிளுக்கு 4 ரூபா. வியாபாரத்துக்குப் பாவிக்கும் சைக்கிள் என்றால் 18 ரூபா. கைவண்டிக்கு 10, குதிரைக்கு 15, யானைக்கு 50. வட இலங்கையில் எங்கள் வன்னிப் பக்கத்தில் யானை வீதியைக் கடப்பது பெரிய புதினம் இல்லை. ஆனால் 50 ரூபா கட்டிவிட்டுக் கடந்த யானையை நான் இன்னும் சந்திக்கவில்லை. சைக்கிளுக்கு 4 ரூபா கட்டியவரையும் இந்தப் பக்கத்தில் கண்டு கனகாலம்.

வரியை விடுவோம். அந்த அட்டவணையை வாசிக்கும்போது எனக்குப் படுவது வேறொன்று. தன் எல்லைக்குள் எத்தனை சைக்கிள் ஓடுகிறது என்பது ஒரு காலத்தில் உள்ளூராட்சி சபைக்கு ஓரளவாவது தெரிந்திருக்கும். வரி கட்டினால் சைக்கிளில் பூட்ட நம்பர் போட்ட தகரத் துண்டு ஒன்று கொடுப்பார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இன்றைக்கு மோட்டார் சைக்கிள், ஓட்டோ, டிப்பர் எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கிறது. மோட்டார் இல்லாத சைக்கிளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நடந்து போகிறவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நான் படிப்பிப்பது கணிதம், வீதிப் பொறியியல் அல்ல. ஆனால் நகரத்து அயல்களில் சனம் நடந்தும் சைக்கிளிலும் எப்படிப் போய்வருகிறது, அதை எப்படிக் கூட்டலாம் என்று உலகம் முழுக்க நடக்கிற ஆராய்ச்சிகளைச் சில காலமாகத் தேடி வாசித்து வருகிறேன். வாசிக்க வாசிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பெரும்பாலான ஆய்வுகள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: காரில் போகிறவரை எப்படிச் சைக்கிளில் ஏற்றுவது? கிளிநொச்சியில் அந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே ஏற்கெனவே சைக்கிளில் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை அதிலிருந்து இறங்க வைப்பது எது, அதை எப்படி நிறுத்துவது என்பதுதான் எங்கள் கேள்வி. ஆராய்ச்சிகளை அந்தக் கண்ணால் திருப்பி வாசித்தால் வேறு விடைகள் கிடைக்கின்றன.

முதலில் அவர்கள் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். வெளி லண்டனின் மூன்று பகுதிகளில் சைக்கிள் பாதை போட்டு, குடியிருப்பு வீதிகளைக் குறுக்குவழியாகப் பாவித்த வாகனங்களை மறித்தார்கள். ரேச்சல் ஆல்ட்ரெட் என்ற பேராசிரியரும் அவரது குழுவும் அங்கே வசிப்பவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து கேட்டுப் பார்த்தார்கள். வேலை கூடுதலாக நடந்த அயல்களில் இருந்தவர்கள், மற்ற இடத்தவர்களோடு ஒப்பிடும்போது, ஒரு வருடத்திலேயே வாரத்துக்கு 41 நிமிடம் கூடுதலாக நடையிலோ சைக்கிளிலோ போயிருந்தார்கள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சைக்கிள் திட்டங்களுக்குப் பொறுப்பாயிருந்த ரோஜர் கெல்லர் 2006இல் ஊர்ச்சனத்தை நான்காகப் பிரித்தார். எந்த வீதியிலும் பயமில்லாமல் ஓடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஏழு பேரளவில் கொஞ்சம் வசதி இருந்தால் ஓடுவார்கள். முப்பத்து மூன்று பேர் என்ன செய்தாலும் ஓடமாட்டார்கள். மீதி அறுபது பேரும் ஓட விருப்பம், ஆனால் வீதிக்குப் பயம். அது முறையான கணக்கெடுப்பு அல்ல, அனுபவத்தில் போட்ட மதிப்பீடு. என்றாலும் அந்த அறுபது எனக்கு மிகவும் பழகிய அறுபது. எங்கள் வகுப்பறைகளில் பின்வாங்கில் இருப்பது அவர்கள்தான். ஒரு வித்தியாசம்: போர்ட்லண்டில் அவர்கள் இன்னும் சைக்கிள் ஏறாதவர்கள். இங்கே நேற்றுவரை ஏறிக்கொண்டிருந்தவர்கள்.

கிளிநொச்சியைத் தெரியாதவர்களுக்கு ஊரின் அமைப்பைச் சொல்லவேண்டும். இது வட்டமாக வளர்ந்த நகரம் அல்ல. ஏ-9 வீதியோடு பரந்தன், கரடிப்போக்குச் சந்தி, டிப்போ சந்தி, இரணைமடுச் சந்தி, அறிவியல்நகர் என்று நீளவாக்கில் கிடக்கிற ஊர். மேற்கே உருத்திரபுரம், கனகபுரம். கிழக்கே இரத்தினபுரம், திருவையாறு. வீடுகள் உள்ளே. பாடசாலை, சந்தை, வங்கி, கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம், ரியூசன் எல்லாம் பெரும்பாலும் பெருவீதியோடு. அதனால் எந்த அலுவலுக்குப் போனாலும் ஒரு கட்டத்தில் ஏ-9இல் ஏறவேண்டும், அல்லது அதைக் கடக்கவேண்டும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவருக்கு அது நெடுஞ்சாலை. எங்களுக்கு அது முற்றத்து வீதி. இரண்டும் ஒரே தாரின்மேல்.

போருக்குப் பிறகு அந்த வீதி அகலமாகக் கார்ப்பட் போடப்பட்டது. நல்லது என்றுதான் நானும் சொல்வேன். குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் பிரசவத்துக்குப் போனவர்களிடம் கேட்டால் தெரியும். ஆனால் அந்த வேலையில் வாகனம் ஓடுகிற பகுதிக்கு இருந்த கவனம் ஓரத்துக்கு இருக்கவில்லை. பல இடங்களில் கார்ப்பட் முடிந்து கிரவல் தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு இருக்கும். சில இடத்தில் நான்கு விரல் உயரம், மழைக்குப் பிறகு இன்னும் ஆழம். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் சைக்கிள்காரர் அந்த வெட்டில் இறங்கவேண்டும். கரியரில் அரிசி மூட்டையோ பிள்ளையோ இருந்தால் இறங்கவும் முடியாது. போரில் காலை இழந்து, கையால் உழக்கும் மூன்று சில்லு வண்டியில் போகிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நான்கு விரல் ஒரு மதில்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தைக் கண்டவர்களுக்கு வன்னியில் சைக்கிள் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. பெற்றோல் வராது. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகையை வைத்தே ஆரென்று கண்டுபிடிக்கலாம். மற்றதெல்லாம் சைக்கிள்தான். நோயாளி சைக்கிளில், விறகு சைக்கிளில், கல்யாண மாப்பிள்ளையும் சைக்கிளில். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கிளாலியில் வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்த பெறுமதியான சாமான்களில் சைக்கிளும் ஒன்று. 2002இல் ஏ-9 திறந்து, 2006 ஓகஸ்ட்டில் மூடி, பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் சனத்தோடு உருண்டு போனவையும் அங்கே குவிந்து கிடந்தவையும் பெரும்பாலும் சைக்கிள்கள். மீள்குடியேறியபோது உதவி நிறுவனங்கள் முதலில் கொடுத்தவற்றிலும் சைக்கிள் இருந்தது.

ஆகவே இங்கே சைக்கிளுக்கு ஒரு கறை உண்டு. அது கஷ்ட காலத்தின் அடையாளம். வீதி திறந்த கையோடு வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் வந்தன, வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. தடையும் இடப்பெயர்வும் கண்டு களைத்த மனிதன் முதல் வாய்ப்பிலேயே மோட்டார் சைக்கிள் எடுத்ததைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சுற்றுச்சூழல் பற்றி அவருக்கு வகுப்பெடுப்பது அநாகரிகம். கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்து எங்களுக்குப் பசுமைப் போக்குவரத்துப் பட்டறை வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். தேநீர் நன்றாக இருந்தது.

2022இல் கதை ஒருமுறை திரும்பியது. எரிபொருள் இல்லை. ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். தாழ்வாரத்தில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. திருத்துகிற கடைகளில் வரிசை. புதுச் சைக்கிளின் விலை ஏறிய ஏற்றத்தில், வாங்கப் போனவர்கள் திரும்பி வந்து பழையதற்கே ரயர் மாற்றினார்கள். அலுவலர்கள் காற்சட்டைக் காலை மடித்துக்கொண்டு கச்சேரிக்கு உழக்கினார்கள். வீதியில் அமைதி இருந்தது, பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓடினார்கள். பிறகு எரிபொருள் வந்தது. சைக்கிள்கள் தாழ்வாரத்துக்குத் திரும்பின.

இதே மாதிரி ஒரு நெருக்கடி நெதர்லாந்துக்கும் வந்தது. இன்று சைக்கிளுக்குப் பேர்போன அந்த நாட்டில் 1950களிலும் 60களிலும் சைக்கிள் வேகமாகக் குறைந்துகொண்டு வந்தது. எல்லோரும் காருக்கு மாறினார்கள். 1971இல் மட்டும் வீதி விபத்தில் சுமார் 3,300 பேர் செத்தார்கள், அதில் 400க்கு மேல் பிள்ளைகள். பெற்றோர் ‘பிள்ளைக் கொலையை நிறுத்து’ என்று வீதியில் இறங்கினார்கள். 1973 கடைசியில் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது என்று அரசாங்கம் சொன்னது. நாங்கள் 2022இல் கண்ட அதே காட்சிதான்: வெறும் வீதி, நடுவில் பிள்ளைகள். அங்கே ஏற்கெனவே வீதியில் நின்ற பெற்றோருக்கு அது வாய்த்தது, அடுத்த வருடங்களில் பாதைகள் வரத் தொடங்கின. இங்கே அந்தச் சில மாதங்களை ஒரு கொப்பியிலாவது எழுதி வைத்தோமா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. வீதி வெறுமையாக இருந்தபோது எத்தனை பிள்ளை எந்தப் பக்கத்தால் போனது என்று எண்ண அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

என் சைக்கிளைத் திருத்துகிற அண்ணையிடம் ஒருநாள் கேட்டேன், இப்போது வேலை வருகிறதா என்று.

“வேலைக்கு என்ன குறை தம்பி. ஆனா பாரும், முந்தி வேலைக்குப் போற ஆம்பிளையளின்ர சைக்கிள்தான் கூட. இப்ப வாறது பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரயும் வயசு போனவையின்ரயும். கூலிக்குப் போற பொம்பிளையளின்ர கொஞ்சம்.”

“இளம் பெடியள்?”

“அவங்கள் காத்தடிக்க வருவாங்கள். மோட்டச்சைக்கிளுக்கு.”

ஒரு வாளித் தண்ணீரில் ரியூப்பை அமுக்கிக் குமிழ் தேடிக்கொண்டே அவர் சொன்ன இந்த மூன்று வகையை எந்த அறிக்கையிலும் நான் கண்டதில்லை. பள்ளிப் பிள்ளைகள், முதியவர்கள், கூலிக்குப் போகும் பெண்கள். வீதியில் ஆகக் குறைந்த பலம் உள்ளவர்கள். லண்டனில் சைக்கிள் ஓடுகிறவர் என்றதும் மனதில் வருவது அலுவலகத்துக்கு வேகமாகப் போகும் நடுத்தர வயது ஆண். இங்கே அந்த ஆள் இறங்கிவிட்டார். மிஞ்சியது மற்றவர்கள்.

இங்கேதான் பீற்றர் ஜேக்கப்சன் 2003இல் எழுதிய கட்டுரை எனக்கு முக்கியமாகிறது. பல நகரங்களையும் நாடுகளையும் ஒப்பிட்டு அவர் கண்டது: நடக்கிறவர்களும் சைக்கிள் ஓடுகிறவர்களும் கூடும்போது விபத்து அதே அளவுக்குக் கூடுவதில்லை. ஆட்கள் இருமடங்கானால் விபத்து மூன்றில் ஒரு பங்களவுதான் கூடும். சாரதிகளின் கண் பழகிவிடும் என்பது அவர் தந்த விளக்கம். எது காரணம், எது விளைவு என்று இன்னும் வாதாடுகிறார்கள், அது நியாயமான வாதம். எல்லோரும் அதை நல்ல செய்தியாகத்தான் மேற்கோள் காட்டுவார்கள். நான் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அதே சூத்திரப்படி சைக்கிள்கள் பாதியாகக் குறைந்தால், மிஞ்சியிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆபத்து ஒன்றரை மடங்கு ஆகிறது. ஆபத்துக் கூடினால் இன்னும் கொஞ்சப் பேர் இறங்குவார்கள். அவர்கள் இறங்கினால் மற்றவர்களுக்கு இன்னும் ஆபத்து. கிளிநொச்சியில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மாமார் சைக்கிளை நிறுத்துவது சோம்பலில் இல்லை. டிப்பருக்குப் பயந்து. மணலும் கிரவலும் ஏற்றி, ஒரு ஏற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் காசு என்பதால் பறந்து ஓடும் டிப்பர்கள் முல்லைத்தீவு, கிளிநொச்சி வீதிகளில் எத்தனை வீட்டை இருட்டாக்கியிருக்கின்றன என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பிள்ளை அடிபட்டால் அடுத்த நாள் அந்த வீதியில் பத்துப் பிள்ளைகளின் சைக்கிள் நின்றுவிடும். அந்தப் பத்துப் பேரையும் அம்மாவோ அப்பாவோ மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார்கள். அதனால் பாடசாலை வாசலில் மோட்டார் சைக்கிள் நெரிசல். அந்த நெரிசலுக்குப் பயந்து இன்னும் நான்கு பிள்ளைகளின் சைக்கிள் நின்றுவிடும். வேகம் பற்றி உலக சுகாதார நிறுவனம் சொல்வதை எங்கள் ஊர்ச் சந்தியில் எழுதி வைக்கலாம்: சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடும். உலகத்தில் வருடத்துக்குச் சாகும் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேரில் பாதிக்கு மேல் நடக்கிறவர்கள், சைக்கிள்காரர், மோட்டார் சைக்கிள்காரர்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியதை இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் பெண்பிள்ளைகளின் சேர்வு 32 சதவீதம் கூடியிருந்தது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் சுருங்கியிருந்தது. பள்ளி 3 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் கூடுதல். வன்னியில் பெண்பிள்ளை சைக்கிள் ஓடுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது எங்களுக்குப் பழைய விஷயம், யாரும் இயக்கம் நடத்திப் பழக்கத் தேவையிருக்கவில்லை. ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க உள்ளூர்ப் பாடசாலை போதாது, ரவுணுக்கு வரவேண்டும். ரியூசன் முடிய மம்மலாகிவிடும். வீட்டில் மோட்டார் சைக்கிள் இல்லாத பிள்ளைக்கு, அல்லது கொண்டுபோய் விட ஆள் இல்லாத பிள்ளைக்கு, வீதி பயமாகிவிட்டால் முதலில் நிற்பது மாலை வகுப்பு. பிறகு பாடத்துறை மாறும். கணிதம் படிக்க வந்த பிள்ளை, கிட்ட உள்ள பாடசாலையில் என்ன இருக்கிறதோ அதற்கு மாறிப் போவதைக் கண்டிருக்கிறேன். பெறுபேற்று ஆய்வுகளில் இதற்குக் காரணம் ‘வறுமை’ என்று எழுதுவார்கள். கொஞ்சம் வறுமை, கொஞ்சம் டிப்பர்.

பாரதிபுரம், கிருஷ்ணபுரம், மலையாளபுரம் பக்கத்தை இந்தக் கதையில் விட்டுவிட முடியாது. 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்தவர்கள் பலர் குடியேறிய இடங்கள். வயல் காணி உள்ளவர்கள் குறைவு. நாட்கூலிக்கு விடிய எழும்பிப் போகிறவர்கள் அதிகம். நடையும் சைக்கிளும் அங்கே பழக்கம் என்பதைவிட வேறு வழி இல்லாமை. உள்வீதிகள் கடைசியாகக் கவனிக்கப்படுவதும் அங்கேதான். நிலைபேறான போக்குவரத்தில் வன்னியில் முன்னுக்கு நிற்பவர்கள் இவர்கள். அதற்காக யாரும் பாராட்டியதும் இல்லை, வீதி போட்டுக் கொடுத்ததும் இல்லை.

கணக்கெடுப்புப் படிவங்களில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் உண்டு. வழக்கமாகக் கேட்பது: குடும்பத் தலைவர் வேலைக்கு எதில் போகிறார்? மோட்டார் சைக்கிள் என்று பதில் வரும், முடிந்தது. அந்த வீட்டு அம்மா காலையில் சின்னவனை முன்பள்ளிக்கு விட்டு, அங்கிருந்து சந்தைக்குப் போய், வழியில் கூட்டுறவுக் கடைக்கு இறங்கி, மாமியாருக்கு கிளினிக்கில் துண்டெடுத்து, வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டுத் திரும்பவும் முன்பள்ளிக்குப் போகிறாள். எல்லாம் நடை, இல்லையென்றால் சைக்கிள். ஸ்பெயினைச் சேர்ந்த இனெஸ் சாஞ்செஸ் த மதரியாகா இத்தகைய பராமரிப்புப் பயணங்களை ஒரு தனி வகையாக எண்ணவேண்டும் என்று வாதாடினார். வேலைப் பயணம் ஒரே தலைப்பில் திரண்டு பெரிதாகத் தெரியும். பராமரிப்புப் பயணம் ‘கடை’, ‘வேறு’, ‘பிள்ளையை விடுதல்’ என்று உடைந்து சிறிதாகிவிடும். கணவனை இழந்த, அல்லது காணாமல் ஆக்கப்பட்ட கணவனைத் தேடிக்கொண்டு குடும்பம் நடத்தும் பெண்கள் இவ்வளவு பேர் இருக்கும் மாவட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போக்குவரத்து ஆய்வு செய்வது வீண் வேலை.

இன்னொரு பழைய ஆய்வு. 1969இல் டொனால்ட் அப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று வீதிகளை எடுத்தார். ஒன்றில் நாளுக்கு 2,000 வாகனம், ஒன்றில் 8,000, ஒன்றில் 16,000. வாகனம் குறைந்த வீதியில் ஒருவருக்குச் சராசரியாக 3 சிநேகிதர் அதே வீதியில் இருந்தார்கள். கூடிய வீதியில் 0.9. எங்கள் ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை. ஒழுங்கைகளில் பின்னேரம் படலையில் நின்று கதைப்பார்கள். ஏ-9 ஓரத்து வீடுகளில் படலை இருந்த இடத்தில் மதிலும் இரும்புக் கேற்றும். எதிர் வீட்டுக்காரரைக் கோயிலில்தான் காண்பார்கள்.

வவுனியா வேறு மாதிரி. கண்டி வீதி, மன்னார் வீதி, ஹொரவப்பொத்தானை வீதி எல்லாம் நகரத்தில் வந்து முட்டும். குருமன்காடு, வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம் என்று குளங்களைச் சுற்றிய அயல்கள் கிட்டக்கிட்ட இருப்பதால் நடந்தே முடிக்கக்கூடிய நகரம் அது. பம்பைமடுவில் பல்கலைக்கழகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. அந்தப் பிள்ளைகள் மன்னார் வீதியால் போய்வருவதை யாராவது ஆராய்ந்தால் நான் முதல் வாசகன். அதற்குமேல் வவுனியாவைப் பற்றிச் சொல்ல அங்கேயே இருப்பவர்கள் வேண்டும்.

நான் சொல்ல வந்த யோசனைக்கு வருகிறேன். கிளிநொச்சியில் ஏ-9க்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய பாதை ஏற்கெனவே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் கட்டியபோதும், பிறகு குடியேற்றத் திட்டங்கள் வந்தபோதும், வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக இடதுகரை, வலதுகரை என்று பெரிய வாய்க்கால்களும் அவற்றிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். 20,000 ஏக்கருக்கு மேல் பாயும் தண்ணீர். ஒவ்வொரு வாய்க்காலோடும் ஒரு கட்டு, கட்டின்மேல் ஒரு பாதை. ஊர்களே அவற்றின் இலக்கத்தால் அழைக்கப்படும்: நாலாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால். தண்ணீர் ஓடவேண்டும் என்பதால் ஏற்றம் இறக்கம் இல்லை. பல இடங்களில் மருதும் வேம்பும் நிழல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஏ-9இல் எதிர்க்காற்றுக்கு உழக்கிப் பார்த்தவருக்குத்தான் அந்த மரங்களின் அருமை தெரியும். விவசாயிகளும் பள்ளிப் பிள்ளைகளும் இன்றைக்கும் அதால் போகிறார்கள்.

சரி, அப்படியென்றால் ஏன் எல்லோரும் போவதில்லை? மாரியில் சேறு, சில்லு புதையும். சில மதகுகள் உடைந்து கிடக்கின்றன. ரயில் பாதையைக் கடக்கும் இடங்கள் சிலவற்றில் கேற் இல்லை. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப வந்ததிலிருந்து ‘பாதுகாப்பற்ற கடவை’ என்ற சொல் எங்கள் பத்திரிகைகளில் நிரந்தரமாகிவிட்டது. எல்லாவற்றையும்விட, இருட்டினால் வாய்க்கால் கட்டு தனிமை. பெண்பிள்ளையை அந்த வழியால் விட எந்த அம்மாவும் யோசிப்பாள், யோசிக்கத்தான் வேண்டும். ஆகவே எல்லா வாய்க்காலையும் சைக்கிள் பாதையாக்குவோம் என்று நான் சொல்லவில்லை. வீடுகளின் முகம் பார்க்கும் வாய்க்கால்களை மட்டும் எடுக்கலாம். கட்டில் ஒரு சைக்கிள் அகலத்துக்குக் கல்லுப் போட்ட பாதை, மதகுகளைத் திருத்தல், படலைகளுக்கு எதிரே விளக்கு. மோட்டார் சைக்கிள் நுழையாதபடி இரண்டு கட்டை நட்டால் கைவண்டியும் மூன்று சில்லு வண்டியும் போக இடைவெளி விடவேண்டும். இதை மறந்துவிடுவார்கள், அதனால் எழுதுகிறேன்.

இதில் கொங்கிரீட்டைவிடக் கடிதம்தான் கூடச் செலவாகும். வாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது, ஒழுங்கை பிரதேச சபையுடையது, அது போய் ஏறும் பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. கட்டின்மேல் போகிறவரை நீர்ப்பாசனத்தார் வாகனப் போக்குவரத்தாகக் கணக்கெடுப்பதில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. வீதிக்காரரின் வரைபடத்தில் கட்டு வீதியே இல்லை.

சுகாதாரக் கணக்கும் ஒன்று இருக்கிறது. வளர்ந்தவர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடம்பை அசைக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக 15 நிமிடம், வர 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். கணக்குச் சரி. கரடிப்போக்கிலிருந்து டிப்போ சந்திப் பக்கம் சைக்கிளில் போய்வருகிற எவருக்கும் அது அலுவலோடு அலுவலாக முடிந்துவிடும். இப்போது என்ன நடக்கிறது? சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொல்வார். பின்னேரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போய், அதை மரத்தடியில் விட்டுவிட்டு நடப்போம். நானும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு, குறிப்பாக அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு வேண்டுகோள். ஏ-9இல் ஓடும் வாகனத்தைத் திரும்பவும் எண்ணவேண்டாம், அதை மற்றவர்கள் எண்ணுவார்கள். ஒழுங்கை வாசலிலும் வாய்க்கால் மதகடியிலும் நில்லுங்கள். காலை ஆறரையிலிருந்து ஏழரை, பாடசாலை விடும் 1.30க்கு முன்னும் பின்னும், ரியூசன் முடியும் நேரம். மாரியில் ஒருமுறை, சோளகத்தில் ஒருமுறை, அறுவடைக் காலத்தில் ஒருமுறை, ஏனென்றால் அப்போது உழவு இயந்திரங்களும் வீதிக்கு வந்துவிடும். வருகிறவர் ஆணா பெண்ணா, அண்ணளவாக என்ன வயது, தனியாகவா கூட்டமாகவா, கரியரில் என்ன, பாரில் யார். கட்டால் வந்தவர் ஏன் கட்டால் வந்தார், வராதவர் எதற்குப் பயந்தார். போன வருடம் சைக்கிளில் போய் இந்த வருடம் போகாதவர்களை வீடுவீடாகத் தேடிக் கேளுங்கள். லண்டன் ஆய்வுகளில் இந்தக் கேள்வி ஓரத்தில்தான் இருக்கும், எங்களுக்கு அதுதான் நடுவில் வரவேண்டும். ஆட்கள் போதாவிட்டால் எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். புள்ளிவிபரப் பாடத்துக்கு நானும் எங்கேயோ ஒரு நாட்டுத் தொழிற்சாலைக் கணக்கைத்தான் இத்தனை காலம் உதாரணம் காட்டி வருகிறேன். டிப்பர் போகும் நேரத்துக்கும் அதே கொப்பியில் ஒரு நிரல் கீறச் சொல்லியிருக்கிறேன்.